25 ஆயிரம் ரூபாய் சாக்ஸும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த டாக்டரும்

குழந்தையின் காலில் மாட்டி ஆக்சிஜனும் நாடித்துடிப்பும் பார்க்கிற சாக்ஸ் வாங்கலாமா என்று இந்த வருடம் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது நான்கு மாதம் இருந்தது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்தால் பாதிக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை.

பாப்பாவுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம். 38 வாரத்தில் பிறந்தவள், எடை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது, சளி காய்ச்சல் எதுவும் இல்லை. காலை பத்து மணி இருக்கும். பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, அத்தை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இங்க வா, புள்ளையப் பாரு" என்று ஒரு குரல் கொடுத்தார், அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் முகம் வெளுத்து, உதட்டில் நீலம் ஏறி, கையும் காலும் துவண்டு, கண் மட்டும் திறந்து எங்கேயோ பார்த்தபடி கிடக்கிறாள். நெஞ்சு அசையவில்லை. வாரியெடுத்துத் தோளில் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வாங்கினாள், அழுதாள், நிறம் திரும்பியது. ஐந்து நிமிடத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் ஓடினோம். அங்கே டியூட்டி டாக்டர் குழந்தையின் சட்டையைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். ஐ.சி.யு.வில் இரண்டு நாள், தலைக்கு எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., இதயத்துக்கு எக்கோ, ரத்தம் ஏழெட்டு வகை, தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர், கூடவே எதுக்களிப்புக்கு ஒரு சொட்டு மருந்து. மதிப்பீடு 68 ஆயிரம் ரூபாய். எனக்கு அப்போது அது ஆறுதலாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. என் கணவர்தான் பாப்பாவுக்குத் தடுப்பூசி போடும் டாக்டருக்குப் போன் செய்தார். அவர் கேட்டது மூன்றே கேள்வி: இப்போது எப்படி இருக்கிறாள், பால் குடிக்கிறாளா, காய்ச்சல் உண்டா. அப்புறம் குழந்தைகளுக்கென்றே இருக்கும் இன்னொரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, அங்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், யார் நேரில் பார்த்தாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். இரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது இடத்தில் நர்ஸ் முதலில் குழந்தையின் காலில் ஆக்சிஜன் மானிட்டரை மாட்டினார், 98 காட்டியது. டாக்டர் இளம் பெண். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். "பாட்டி, நீங்கதான பார்த்தீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க, அவசரமே இல்ல." என்னை ஒரு கையசைவில் நிறுத்தி வைத்தார், நடுவில் நான் பேச ஆரம்பித்தபோது.

அடுத்த நாற்பது நிமிடம் நடந்ததுதான் பரிசோதனை என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கு அது வெறும் பேச்சாகத் தெரிந்தது, எப்போது டெஸ்ட் எடுப்பார்கள் என்று உள்ளுக்குள் எரிச்சல்கூட வந்தது.

நீலம் எங்கே இருந்தது, உதட்டைச் சுற்றி மட்டுமா, உதடு நாக்கு ஈறு எல்லாவற்றிலுமா? (வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் மட்டும் நீலமாகத் தெரிவது சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவதாம். அழும்போது முகம் செக்கச்செவேல் என்று ஆவது இந்தக் கணக்கிலேயே வராது.) மூச்சு வாங்க முயற்சி செய்து காற்று போகாமல் திணறினாளா, முயற்சியே இல்லாமல் இருந்தாளா? உடம்பு துவண்டதா, விறைத்ததா? வெட்டி வெட்டி இழுத்ததா, கண் மேலே செருகியதா? முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாள், பால் வாயில் வந்ததா, மூக்கில் வந்ததா? தானாகத் திரும்பினாளா, நாங்கள் ஏதாவது செய்தபிறகா? அப்புறம் தூங்கி வழிந்தாளா, உடனே பழையபடி ஆனாளா? ஒரு துண்டைச் சுருட்டி அத்தை மடியில் வைத்து, அன்று குழந்தையை எப்படிப் பிடித்திருந்தார் என்று செய்து காட்டச் சொன்னார். அத்தை கண்ணீரோடு செய்து காட்டினார்.

எவ்வளவு நேரம் என்று கேட்டபோது அத்தை ஐந்து நிமிடம் என்றார், நான் இரண்டு நிமிடம் என்றேன். டாக்டர் போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, "கண்ண மூடிக்கோங்க, கூப்பிட்டதுல இருந்து குழந்தை அழுதது வரைக்கும் மனசுல ஓட விடுங்க, அழுததும் சொல்லுங்க" என்றார். 24 விநாடி. பயத்தில் நேரம் இழுபடும், எல்லாப் பெற்றோரும் நிமிடக் கணக்கில்தான் சொல்வார்கள் என்றார். இந்த ஒரு கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் ஒரு நிமிடத்துக்குள்ளா வெளியேவா என்பதில்தான் பாதி முடிவு நிற்கிறது.

அப்புறம் வந்தவை நம் வீட்டுக் கேள்விகள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறீர்களா, வாயால் ஊதுகிறீர்களா? வசம்பு உரைத்துக் கொடுத்தீர்களா? சாம்பிராணிப் புகை போட்டீர்களா, அறையை மூடிக்கொண்டா? உரம் எடுக்க, தொக்கம் எடுக்க யாரிடமாவது கொண்டுபோனீர்களா? இதையெல்லாம் திட்டுகிற குரலில் கேட்கவில்லை, அதனால்தான் அத்தை ஒளிக்காமல் சொன்னார்: முதல் மாதம் மூக்கில் எண்ணெய் விட்டோம், பிறகு நிறுத்திவிட்டோம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும் என்பதை டாக்டர் அவருக்கே நேராகச் சொன்னார். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரமாக இருமல் உண்டா என்று கேட்டார். கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வெறும் இருமலாக இருக்கும், மூன்று மாதக் குழந்தைக்கு இருமலே இல்லாமல் மூச்சு நின்று நின்று வருவதாக மட்டும் இருக்கலாமாம். 6, 10 வாரத் தடுப்பூசிகள் போட்ட அட்டையை வாங்கிப் பார்த்தார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார், ஆமாம், என் கணவர் எனக்கு அத்தை மகன். அதற்காகவே இரண்டு பக்கமும் குழந்தையிலேயே இறந்தவர்கள் உண்டா, இளவயதில் திடீரென்று விழுந்து இறந்தவர்கள் உண்டா, நீச்சல் தெரிந்தும் தண்ணீரில் போனவர்கள் உண்டா என்று மூன்று தலைமுறை விசாரித்தார். பிறவியிலேயே இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு இருந்தால் குடும்பக் கதையில் அப்படித்தான் தெரியுமாம்.

பாப்பாவை முழுக்க உடை களைந்து, டயப்பர் உட்பட, தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். உச்சிக்குழியைத் தடவினார், தலைச் சுற்றளவை அளந்து பழைய அளவோடு ஒப்பிட்டார், தொடை இடுக்கில் நாடி பார்த்தார், காதுக்குப் பின்னால், வாய்க்குள், முதுகில் எங்காவது கன்றிப்போயிருக்கிறதா என்று பார்த்தார். எதற்கு என்று புரிந்தபோது எனக்குச் சுருக்கென்றது. "எல்லாக் குழந்தைக்கும் பார்ப்போம்மா, உங்க மேல சந்தேகம் இல்ல. பார்க்காம விட்டா தப்பு" என்றார். இப்போது யோசித்தால் அவர் பார்த்தது எனக்கு நிம்மதி. குலுக்கப்பட்டோ அடிபட்டோ மூச்சு நின்ற குழந்தையையும் பெரியவர்கள் "திடீரென்று இப்படி ஆயிற்று" என்றுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள், பேச முடியாத குழந்தைக்கு உடம்பைப் பார்ப்பதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இத்தனைக்கும் பிறகு எடுத்தது ஒரே ஒரு டெஸ்ட், ஈ.சி.ஜி. அது சரியாக இருந்தது. நான்கு மணி நேரம் மானிட்டரில் வைத்துப் பார்த்தார்கள், நடுவில் நான்கு தடவை வந்து பார்த்தார், பால் குடிக்கும்போது ஒரு தடவை பக்கத்திலேயே நின்றார்.

இதற்குப் பெயர் ப்ரூ (BRUE) என்றார். சட்டென்று வந்து, தானே சரியாகி, விசாரித்துப் பரிசோதித்த பிறகும் காரணம் தெரியாத நிகழ்வு என்று அர்த்தம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வந்த பெயர். ஒரு வயதுக்குள், ஒரு நிமிடத்துக்குள், நிறம், மூச்சு, உடம்பின் பிடிப்பு, உணர்வு இந்த நான்கில் ஒன்றாவது மாறியிருக்க வேண்டும். வயது 60 நாளைத் தாண்டியிருந்து, குறைமாதமாக இல்லாமல் (32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை இந்தப் பட்டியலில் வராது, அதற்குப் பின் பிறந்திருந்தாலும் கர்ப்ப வாரத்தையும் சேர்த்து 45 வாரம் ஆகியிருக்க வேண்டும்), இதுவே முதல் தடவையாக இருந்து, பயிற்சி பெற்ற யாரும் நெஞ்சை அழுத்திக் காப்பாற்ற வேண்டிய நிலை வராமல், விசாரணையிலும் உடம்பிலும் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லாமல் இருந்தால் ஆபத்து குறைவான வகை. இதில் ஒன்று தவறினாலும் கதை வேறு, அப்போது இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்த வகை என்று சொல்லவே அந்த நாற்பது நிமிடம் தேவை, அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

முதல் இடத்தில் எழுதிய எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை, எதுக்களிப்பு மருந்து இவை எல்லாமே ஆபத்து குறைவான குழந்தைக்கு வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நான் விடவில்லை, பார்த்துவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்டேன். மூன்று மாதக் குழந்தையை எம்.ஆர்.ஐ.யில் அசையாமல் படுக்க வைக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். ரத்தத்தில் ஏதோ ஒரு எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு டெஸ்ட். "இத்தனையும் செஞ்சு முடிச்சாலும் 'தெரியல'ங்கிற அதே பதில்தான் கிடைக்கும், குழந்தை உடம்புல குத்தின இடம்தான் மிச்சம்" என்றார். இது என் மனதை மாற்றியது.

கிளம்பும் முன் ஒரு பொம்மையை வைத்து எங்கள் மூன்று பேருக்கும் கற்றுக் கொடுத்தார்கள். உள்ளங்காலைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடு. குலுக்காதே, ஒருபோதும். அசைவில்லை, மூச்சில்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியை அழுத்து, சுமார் 4 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். தனியாக இருந்தால் 30 அழுத்தலுக்கு 2 ஊதல், குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து நம் வாயால் மூடி. அத்தை ஐந்து தடவை செய்து பார்த்தார். தூளியில் தூங்க வைக்க வேண்டாம், கழுத்து மடங்கும், தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னார்கள். இதில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்த பில் 3,400 ரூபாய்.

இப்போது சாக்ஸ். விஷயம் கேள்விப்பட்டு டல்லஸில் இருக்கும் என் அண்ணன் அங்கிருந்து வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான், நம் பணத்தில் ஏறக்குறைய 25 ஆயிரம். பாசத்தில் வாங்கியது, அவனை எதுவும் சொல்ல மாட்டேன். பிராண்டு பெயர் வேண்டாம், பலரும் கேட்கும் அந்தப் பிரபலமான கம்பெனியுடையது இல்லை. தயாரிப்பு நன்றாகத்தான் இருந்தது, துணி மெது, சார்ஜ் நின்றது, போனில் எண்கள் அழகாகத் தெரிந்தன. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாதத்தின் வழியாகச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடுவதுதான் இதன் வேலை, ஆஸ்பத்திரிக் கருவியும் அதையேதான் செய்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே திரையில் நாடித்துடிப்பின் அலை ஓடும். அலை குலைந்திருந்தால் எண்ணை நம்பாதே, காலைப் பார் என்று நர்ஸுக்குத் தெரியும். எங்களுக்கு வந்தது எண்ணும் அலாரமும் மட்டும்.

முதல் வாரத்தில் மூன்று இரவு அலறியது. மூன்று தடவையும் பாப்பா நல்ல ரோஜா நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு தடவை காலை உதைத்துச் சாக்ஸ் நழுவியிருந்தது, இரண்டு தடவை கால் சில்லென்று இருந்தது. அலாரம் கேட்டு நான் வாரித் தூக்கியதில்தான் அவள் பயந்து அழுதாள். அலாரத்தைவிட மோசம் அது அடிக்காத நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு 96 ஏன் 94 ஆயிற்று என்று போனையே பார்த்துக்கொண்டு கிடப்பேன், பக்கத்தில் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க மாட்டேன். பால் சுரப்பு குறைந்தது. அதற்குக் காரணம் தூக்கமின்மைதான் என்று நான் நம்புகிறேன்.

இந்த வீட்டு மானிட்டர் யோசனை எங்கிருந்து வந்தது என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1972-இல் அமெரிக்காவில் ஸ்டைன்ஷ்னைடர் என்ற மருத்துவர், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதே தொட்டில் மரணத்துக்கு (நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்துபோவது) முன்னறிகுறி என்று ஒரு கட்டுரை எழுதினார். அதை நம்பி வீடு வீடாக மானிட்டர்கள் போயின. அந்தக் கட்டுரையில் இருந்த ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இரண்டு பேர் நோயால் இறக்கவே இல்லை, வனிட்டா ஹோய்ட் என்ற அவர்களுடைய தாய் தன் ஐந்து குழந்தைகளையும் கொன்றார் என்று 1995-இல் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. பிறகு 2001-இல் வெளிவந்த ஆய்வில் 1,079 குழந்தைகளுக்கு வீட்டில் மானிட்டர் வைத்துப் பார்த்ததில், நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளில்கூடப் பத்தில் நான்கு பேருக்கு வழக்கமான மானிட்டரில் அலாரம் அடிக்கும் அளவு மூச்சோ நாடியோ குறைந்த நிகழ்வு ஒன்றாவது பதிவாகியிருந்தது. சின்னக் குழந்தை ஐந்து பத்து விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி விடுவது இயல்பு. அந்த நாட்டில் தொட்டில் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தது குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்ன 1990களின் பிரசாரத்தோடுதான். வீட்டு மானிட்டரால் அது குறைந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

அந்தப் பிரபல கம்பெனி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லாம் ஔலெட்டைத்தான் கேட்கிறார்கள். 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.), அனுமதி இல்லாமல் மருத்துவக் கருவியை விற்கிறீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அங்கே அந்தச் சாக்ஸின் விற்பனையை நிறுத்தினார்கள். 2023 நவம்பரில் புதிய சாக்ஸுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் ஆரோக்கியமான குழந்தைகளுக்கு மட்டும். அனுமதி வந்திருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: நோயைக் கண்டுபிடிக்க என்று அந்த அனுமதி இல்லை, தொட்டில் மரணத்தைத் தடுக்கும் என்றும் இல்லை. மூச்சு நின்ற குழந்தைக்காகப் பயந்து வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான்.

2016 வழிகாட்டுதலை நானே உட்கார்ந்து படித்தபோது, ஆபத்து குறைவான குழந்தைக்கு வீட்டு மானிட்டர் தொடங்க வேண்டாம் என்ற வரியும் அதில் இருந்தது. அன்று இரவே கழற்றிவிட்டேன். ஒரு விஷயம் மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறைமாதத்தில் பிறந்து வீட்டில் ஆக்சிஜனோடு அனுப்பப்படும் குழந்தைகளுக்கு டாக்டரே எழுதிக் கொடுக்கும் கருவி வேறு, நான் சொன்னதை வைத்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலும் குறை உண்டு. வரவேற்பில் இருந்தவர் முதலில் பதிவுக் கட்டணம் கேட்டு நிற்க வைத்தார், நர்ஸ் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கிளம்பும்போது கொடுத்த தாள், எப்போது உடனே திரும்பி வர வேண்டும், பொம்மையில் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அடங்கியது, முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பகல் முழுக்கக் குழந்தையோடு இருக்கிற அத்தைக்கு அதில் ஒரு எழுத்துப் பயன் இல்லை. நான் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி பாப்பாவின் படுக்கைக்கு மேலே ஒட்டினேன். போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது அவசரப் பிரிவில் பார்த்த அந்த டாக்டரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், திருத்திவிட்டு அவசரப் பிரிவில் எல்லோருக்கும் கொடுப்பதாகச் சொன்னார்.